பக்கத்து வீட்டு மேஜர் மீது ஒன்பது மனு

வாருங்கள் சார், வாருங்கள். நகராட்சியிலிருந்துதானே? நாய் விஷயம்தானே? கையில் அந்தப் பச்சைக் கோப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

நான்தான் சண்முகவேலாயுதம். ஒன்பது மனுவும் நான் எழுதியதுதான். முதல் மனு போட்டு ஐந்து மாதம் ஆகிறது. பரவாயில்லை, உங்களுக்கும் ஊர் முழுக்க நாய். வந்துவிட்டீர்கள், அது போதும்.

கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுவோமா? உங்களைச் சொல்லவில்லை சார், என்னைச் சொன்னேன். எனக்குக் குரல் சற்றுக் கணீரென்று இருக்கும். முப்பத்தொரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டர். மைதானத்தின் இந்த முனையில் நான் வாயைத் திறந்தால் அந்த முனையில் நிற்கிறவன் நிமிர்ந்து நிற்பான். அது பழகிவிட்டது. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது, அதனால் சொன்னேன்.

என் பேரன்தான் சார். பிறந்து பதினாறு நாள். என் மகளுக்கு முதல் பிள்ளை. முதல் பிரசவம் தாய் வீட்டில் என்றால் இந்த வீட்டில்தானே பிள்ளை இருக்க வேண்டும்? பக்கத்து வீட்டில் எதற்கு இருக்கிறான்? எல்லாம் அந்த நாயால் வந்தது. அவன் இந்த வீட்டுக்கு வர வேண்டும். ஒன்பது மனுவிலும் சுற்றிச் சுற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறேன், இப்போது கேட்பது அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். எழுதிக்கொள்கிறீர்களா? நல்லது.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஜெசிந்தா. பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். காலனியில் எல்லாருக்கும் சிஸ்டர். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. அவர் கணவர் ராணுவத்தில் சமையல் பிரிவில் இருந்தார். ஓய்வு பெற்று வந்ததும் ஒரு நாட்டு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து அதற்கு ‘மேஜர்’ என்று பெயர் வைத்தார்.

“ஏன் சார் இந்தப் பேரு?” என்று நானே கேட்டேன்.

“இருவது வருசம் மேஜருக்குச் சோறு போட்டேன் மாஸ்டர். ஒருத்தரும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. இந்த மேஜர் வாலாட்டிக்கிட்டுத் தின்னுது பாருங்க” என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. பெயர் நின்றுவிட்டது. நான் என்.சி.சி.யில் பதினெட்டு வருடம் இருந்தேன் சார். செகண்ட் ஆபீசரோடு நிறுத்திவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் மேஜர். சரி, அதைப் பற்றி நான் எந்த மனுவிலும் எழுதவில்லை. மூன்றாவது மனுவில் மட்டும் ஒரு வரி வரும்.

போன வருடக் கடைசியில் என் மகள் வடிவு போனில் பேசினாள். “ப்பா, நீங்க தாத்தா ஆகப் போறீங்க” என்றாள். தென்காசியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஏழாம் மாதம் வளைகாப்பு, அன்றைக்கே இங்கே அழைத்து வந்துவிடுவோம் என்று பேச்சு. போனை வைத்ததும் என் மனதில் தோன்றிய முதல் விஷயம் இதுதான்: பிள்ளைத்தாய்ச்சிக்கு அமைதி வேண்டும். அவள் வருவதற்குள் இந்தத் தெருவை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

நான் எதையும் குருட்டாம்போக்கில் செய்கிறவன் இல்லை. மூன்று நாள் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை குரைத்தது. பால்காரர் வரும்போது ஒன்று, பேப்பர் போடும்போது ஒன்று, காய்கறி வண்டிக்கு ஒன்று, தபால்காரருக்கு ஒன்று, அணிலுக்கு இரண்டு. ஆறு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் சார்.

சிஸ்டரிடம் போனேன். “சிஸ்டர், உங்க நாய்க்கு ஒழுங்கு பத்தாது. எங்கிட்ட விடுங்க” என்றேன்.

“கடிக்காது சார், பாவம்” என்றார்.

“கடிக்கிறதப் பத்திப் பேச்சில்ல. நாக்கு அடங்கணும். முறை நான் சொல்லுதேன்.”

முறை என்ன தெரியுமா? என் விசில். உள்ளே பட்டாணி உருளுகிற ஸ்டீல் விசில். அதற்கு அடங்காத கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அது குரைத்த உடனே இந்தப் பக்கத்திலிருந்து நான் நீளமாக ஒரு விசில் அடிப்பேன். விசில் கேட்ட உடனே அந்தப் பக்கத்தில் சிஸ்டர் அதன் வாயில் ஒரு பிஸ்கட் போட வேண்டும். கீழ்ப்படிந்தால் பரிசு. சுணக்கமே கூடாது. நான் பத்து எண்ணுவதற்குள் பிஸ்கட் போய்ச் சேர வேண்டும். இதுதான் ஏற்பாடு.

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். “பிஸ்கட் குடுத்தா அதுக்குப் பிடிக்கும் சார். ஆனா…” என்று இழுத்தார்.

“ஆனா ஆவன்னா எல்லாம் வேண்டாம் சிஸ்டர். ஒரு மாசம் பாருங்க” என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாளே பலன். நம்ப மாட்டீர்கள். பேப்பர்காரர் வந்தார், குரைத்தது, அடித்தேன், ஒன்று, இரண்டு, மூன்று… ஏழில் அடங்கிவிட்டது! இரண்டாம் நாள் ஐந்தில் அடங்கியது. ஒரு வாரத்தில், விசிலை நான் வாயிலிருந்து எடுக்கும் முன்பே சத்தம் நின்றது. செண்பகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். செண்பகம் என் மனைவி.

“பாத்தியா? பத்து எண்ணுறதுக்குள்ள!”

“வாய் நெறையப் பிஸ்கட் இருந்தா எப்படிங்க குலைக்கும்?” என்றாள். அவளுக்கு இந்தப் பயிற்சி முறையெல்லாம் தெரியாது.

ஆனால் ஒன்று சார். அடங்கும் வேகம் கூடக் கூட, குரைக்கும் தடவையும் கூடிக்கொண்டே போனது. ஆறு பதினாலு ஆயிற்று. பதினாலு முப்பது ஆயிற்று. யாருமே தெருவில் இருக்க மாட்டார்கள். காக்காய் கூட இருக்காது. சுவர்ப் பக்கம் வந்து, என் வாசலைப் பார்த்து, வள் என்று ஒன்று போட்டுவிட்டு நிற்கும். ஒரே ஒரு தடவைதான். நான் அடிப்பேன். சிஸ்டர் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வருவார். அமைதி. கால் மணி நேரம் கழித்து மறுபடியும்.

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். நான் அங்கே சேரும் முன்னால் தாமதமாக வருகிறவர்கள் நாலு பேர் என்று சொன்னார்கள். நான் வாசலில் நின்று பிடிக்க ஆரம்பித்த பிறகு பார்த்தால் நாற்பது பேர். கண்காணிப்பு கூடினால் குற்றமும் கூடுதலாகத் தெரியும். இதை இரண்டாவது மனுவில் விளக்கியிருக்கிறேன். அதற்குள் மனு போட ஆரம்பித்துவிட்டேன். வீட்டு அளவில் நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், இனி அரசாங்கமும் கை கொடுக்க வேண்டும் அல்லவா?

எதிர் வீட்டு ஓவர்சியர் மாசிலாமணி ஒருத்தர் இருக்கிறார். அவருக்குக் காலையில் வேறு வேலை கிடையாது. “என்ன மாஸ்டர், இன்னிக்கு எத்தன பீரியடு?” என்பார். “மணி அடிச்சாச்சா? நாங்க சாப்பிடப் போலாமா?” என்பார். ஒரு நாள், “மாஸ்டர், நாயி உங்களுக்கு நல்லாப் பழக்கம் குடுத்திருக்குவே” என்றார். அவருக்குப் பேச்சில் எப்போதும் எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிவிடும்.

நடுவில் ஒரு கல்யாணத்துக்காக நான் மட்டும் இரண்டு நாள் மதுரை போனேன். திரும்பி வந்ததும் செண்பகம் சொல்கிறாள், “ரெண்டு நாளும் பேப்பருக்கும் பாலுக்கும் குலைச்சதோட சரி. கம்முனு இருந்துச்சுங்க. நான் மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினேன்” என்று.

பார்த்தீர்களா? நான் ஊரில் இல்லாதபோதுகூட அந்தப் பயம் இரண்டு நாள் வேலை செய்திருக்கிறது! அதுதான் சார் பயிற்சி. நான் வந்து நின்றதும், அதே நாய், வாலை ஆட்டிக்கொண்டு வந்து குரைத்தது. மூன்றாம் நாள் பயம் விட்டுப் போயிற்று போல.

“நீங்க அடிக்காம ஒரு நா இருந்துதான் பாருங்களேன்” என்றாள் செண்பகம்.

“வாட்ச்மேன எடுத்துட்டா திருட்டு நின்னுருமா?” என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. வடிவு வந்தாள். வந்த அன்றைக்கு இங்கே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். செண்பகம் காபி கொண்டுவந்து கொடுத்தாள். சுவர்ப் பக்கம் வள் என்றது. அடித்தேன். டம்ளர் கீழே போய்விட்டது. காபி முழுக்கச் சேலையில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

“பாத்தியாம்மா அந்த நாய் பண்ற வேலைய!” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “ஆமாப்பா” என்றாள்.

மறுநாள் நாலாவது மனு போட்டேன். பிள்ளைத்தாய்ச்சி கையிலிருந்து சூடான காபி கொட்டியது என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருப்பேன், பாருங்கள். இருக்கிறதா? அதுதான்.

அதற்குப் பிறகு வடிவு காலையில் சிஸ்டர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். பிரஷர் பார்க்கிறேன் என்று போவாள். பிரஷர் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவாள். சாப்பாட்டைச் செண்பகம் தூக்கில் போட்டுக் கொண்டுபோவாள். அப்புறம் செண்பகமும் சாயங்காலம்தான் வருவாள்.

ஒரு நாள் கேட்டேன், “அந்த நாய் இருக்கிற வீட்டுல எப்படிம்மா இருக்க? காது வலிக்கல?”

“அது குலைக்கவே இல்லப்பா. என் கால் பக்கத்துல படுத்துத் தூங்கும். நானும் தூங்குவேன்.”

“நான் காலைல இருந்து இருவத்தஞ்சு தடவ எண்ணிருக்கேன்!”

“அது நீங்க வாசலுக்கு வரும்போதுப்பா.”

நாய் எவ்வளவு தந்திரம் பாருங்கள் சார். சாட்சி இருக்கும் இடத்தில் சாது வேஷம். நான் என் மகளைக் குறை சொல்லவில்லை. அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சண்டை என்றால் எழுந்து போய்விடுவாள். பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட அவள் சிநேகிதி வீட்டில்தான் படிப்பாள். நான் வீட்டில் பாடம் ஒப்பிக்கச் சொல்வேன். மணி வைத்துச் சொல்வேன். நல்ல மார்க்குதான் வாங்கினாள், என்ன, அந்தச் சிநேகிதியின் அம்மாவிடம்தான் முதலில் போய்க் காட்டினாள்.

அது கிடக்கட்டும். நாய்க்கு வருவோம்.

பிரசவம் நல்லபடியாக நடந்தது. ஆண் குழந்தை, மூன்று கிலோ நூறு கிராம். ஆஸ்பத்திரியில் நான் பார்த்தேன். துணியில் சுற்றிக் கண்ணை இறுக்க மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடம் பார்த்திருப்பேன், நர்ஸ் வந்து, “தாத்தா, மெல்லப் பேசுங்க, வார்டுல மத்தவங்களும் இருக்காங்க” என்றாள். நான் அவன் காதில் வாழ்த்துத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த உள் அறையை இரண்டு தடவை கழுவிவிட்டேன். உத்தரத்தில் தொட்டில் சேலை கட்டக் கொக்கி மாட்டினேன். என் எடையைத் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்த்தேன். எழுபத்தெட்டு கிலோ தாங்கியது. ஆரத்தித் தட்டை நானே கரைத்து வாசலில் வைத்தேன். விசில் அடிப்பதையும் அன்றோடு விட்டுவிட்டேன் சார். யாரும் சொல்லவில்லை, நானாக விட்டேன். பிள்ளைக்காக. இதோ பாருங்கள், கழுத்தில் விசில் கயிறு இல்லை.

ஆட்டோ வந்தது. நான் கேட்டைத் திறந்து விறைப்பாக நின்றேன். ஆட்டோ நம் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த கேட்டில் நின்றது. டிரைவர் வீடு தெரியாமல் நிறுத்திவிட்டார் என்று நினைத்து, “ஏய், இங்க! இங்க!” என்றேன். செண்பகம் இறங்கி வந்தாள். என் கையிலிருந்த ஆரத்தித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

“பத்து நாளைக்குச் சிஸ்டர் வீட்ல இருக்கட்டும்ங்க” என்றாள்.

“எதுக்கு?”

“குளிப்பாட்ட அவங்க கை பழகின கை. நானும் கூட இருந்துக்கிடுதேன். உங்களுக்கு ரெண்டு வேளையும் சாப்பாடு வந்துரும்.”

“நான் கொக்கி மாட்டிருக்கேன் செண்பகம்.”

“தெரியும்ங்க. பெறவு கட்டிக்கிடலாம்” என்றாள்.

சிஸ்டர் வீட்டு வாசலில் வைத்து ஆரத்தி எடுத்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சரியான முடிவுதான் சார், நான் ஒன்றும் வருத்தப்படவில்லை. பிரசவ வார்டு நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது அந்த வசதியை விட முடியுமா? அதுவும் இது பொதுச் சுவர். பாதி என்னுடையது. தொட்டில் அந்தச் சுவர்ப் பக்கத்து அறையில்தான் கட்டியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் பிள்ளை என் சுவரோரம்தான் இருக்கிறான். முப்பதாம் நாள் பேர் வைக்கச் சம்பந்தி வரும்போது கேட்டால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

பத்து நாள் என்றார்கள். ஒன்பதாவது மனுவை எட்டாம் நாள் போட்டேன். இன்றோடு பன்னிரண்டு நாள். ஆஸ்பத்திரி நாலு நாள், இங்கே பன்னிரண்டு.

இப்போது என்ன நிலவரம் என்று கேட்கிறீர்களா? அதுதான் மோசம். நான் விசிலை விட்ட பிறகு அதற்கு ஒழுங்கு என்பதே போய்விட்டது. கால்நடை டாக்டர் எடை பார்த்துவிட்டு, நாய் பன்றி மாதிரி ஆகிவிட்டது, இனி ஒரு பிஸ்கட் கூடாது என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டாராம். அதனால் பரிசும் நின்றுவிட்டது. இப்போது நான் கேட் பக்கம் தலையைக் காட்டினால் போதும். என் வாயைப் பார்க்கும். சிஸ்டர் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்க்கும். மறுபடி என் வாயைப் பார்க்கும். அப்புறம் ஆரம்பித்தால் நிறுத்தவே நிறுத்தாது. முன்னாலாவது பத்து எண்ணுவதற்குள் அடங்கியது. இப்போது நூறு எண்ணினாலும் அடங்குவதில்லை. நான் உள்ளே போன பிறகுதான் ஓயும்.

குழந்தை முழித்து அழுவான். வடிவு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவாள். நான் பார்ப்பது அவன் பின்னந்தலையை மட்டும்தான். நேற்று முன்தினம் சுவர் வழியாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

“ப்பா, கொஞ்ச நாளைக்கு நீங்க இங்க வராதீங்கப்பா. உங்களப் பாத்தாத்தான் அது குலைக்குது. அவன் இப்பத்தான் கண் அசந்தான்.”

“முழிச்சிருக்கும்போது வரட்டுமாம்மா?”

“வந்தா அழுவாம்ப்பா” என்றாள்.

நேற்றும் இன்றும் நான் போகவில்லை. வாசலுக்கே அதிகம் வருவதில்லை. பால் பாக்கெட்டைக்கூட ஓவர்சியர்தான் எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். பீரியடு என்று ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது.

எழுதிவிட்டீர்களா? என்ன கேட்டீர்கள்? மனுவைத் தொடர்வதா, வாபஸ் வாங்குவதா என்றா? தடுப்பூசி போட்டு உரிமம் வாங்கிய நாயைப் பிடித்துக்கொண்டு போக முடியாது என்கிறீர்கள். சரி. எனக்கும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை. வடிவு அதன் முதுகில் கால் வைத்துக்கொண்டுதான் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாளாம், செண்பகம் சொன்னாள். நீங்களே பார்த்து ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள்.

எழுந்துவிட்டீர்களா? அடுத்து அந்த வீட்டுக்குத்தானே? இரண்டு தரப்பும் விசாரிக்க வேண்டும், அதுதான் முறை. பயப்பட வேண்டாம், உங்களைப் பார்த்து அது குரைக்காது. கேட்டைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே போகலாம். வாசல் அறையிலேயே, வலது கைப் பக்கம், நீலச் சேலைத் தொட்டில்.

சார், ஒரு நிமிடம். அவன் முழித்துக்கொண்டிருந்தால், முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்களா? கண் எப்படி இருக்கிறது, நாடி எப்படி இருக்கிறது என்று. எல்லாரும் என் ஜாடை என்கிறார்கள். திரும்பி வரும்போது இந்தக் கேட்டில் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் இங்கேதான், சுவருக்கு இந்தப் பக்கம், தலை தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். மெல்லச் சொன்னாலே எனக்குக் கேட்கும்.